மறைத்து வைப்பவர் யாருடைய கவனத்தைத் தேடுகிறார்?

'பாதுகாப்பு மனநல வார்டுகளில் (வெளியேற முடியாதபடி பூட்டிவைத்துச் சிகிச்சை தரும் பிரிவுகளில்) உள்ள பெண்கள் கவனத்தை ஈர்க்கவே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பிறரைத் தாக்க மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. காயத்தை முழுக்கைச் சட்டைக்குள் நாள்கணக்கில் மறைப்பவர் யாருடைய கவனத்தைத் தேடுகிறார்? தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்கவே பலர் இதைச் செய்கிறார்கள். தன்னைக் காயப்படுத்துவதும் பிறரைத் தாக்குவதும் ஒரே நோயாளியிடம் சேர்ந்திருப்பது அங்கே அபூர்வமல்ல. தன்னைக் காயப்படுத்துவதைத் தடுப்பதற்காக ஊழியர்கள் நான்கு பேர் நோயாளியின் கையையும் காலையும் பிடித்து அழுத்தும் அந்த நிமிடத்தில்தான் பல அடிதடிகள் வெடிக்கின்றன. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் அங்கே அதிகம். அந்தப் பிடி எதை நினைவூட்டும் என்று நான் விளக்க வேண்டுமா? மேலும், பெரும்பாலான சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு சிலர்தான். வார்டு முழுவதையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.