கரகரப்பைப் பழமை என்று சொல்லாதீர்கள்

பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்றை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே நாலு பேர் "அந்தக் கரகரப்பே தனி சுகம்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அது காலத்தின் சத்தம் இல்லை. தட்டை எதைப் போட்டுச் செய்தார்களோ, அதன் சத்தம்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டை அரக்குத் தட்டு என்கிறோம். அதில் அரக்கு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. மீதியெல்லாம் சிலேட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள், கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்புக்குக் கரி. கல்தூளைத் தெரிந்தேதான் கலந்தார்கள். இரும்பு ஊசியின் முனை முதல் சில சுற்றிலேயே தேய்ந்து தடத்தில் பொருந்தி உட்கார வேண்டும் என்பது கணக்கு. பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றியது அதனால்தான். பாட்டுக்கு அடியில் ஓடும் இரைச்சல் அந்தக் கல் உரசுவது.

எல்லாத் தட்டும் அப்படி இரைவதில்லை. 1920களில் கொலம்பியா கம்பெனி நடுவில் மட்டமான கலவையும், அதன் இரு பக்கமும் காகிதமும், மேலே நயமான அரக்குப் பூச்சுமாகத் தட்டு போட்டது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ஓரம் உடைந்த இடத்தில் அடுக்கு தெரியும். ஊசி வைத்தால், குரல் எழுவதற்கு முன் பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுகள் நேர் எதிர். அரக்கு நம் சோட்டா நாக்பூர் காடுகளில், பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சி கட்டுவது. அது கப்பலேறிப் போவது சிக்கலானதும், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளைச் சேகரித்து, அரைத்து, மறுபடி அச்சடித்தார்கள். அவற்றில் பல, கடையில் வாங்கிய அன்றே இரைந்தவை.

இது தெரியாமல் நானும் தப்பு செய்திருக்கிறேன். ஒரு தட்டைக் கணினியில் ஏற்றி, மென்பொருளால் இரைச்சலை வழித்தெடுத்தேன். கூடவே 'ச'வும் 'ஷ'வும் மழுங்கி, பிருகாக்களின், அதாவது வேகமாக உருளும் ஸ்வரங்களின், முனையெல்லாம் போய்விட்டது. பிறகு அதே பாட்டின் முந்தைய அச்சு கிடைத்தது. எதையும் வழிக்கவே தேவைப்படவில்லை.

அதனால், ஒரே பாட்டு இரண்டு தட்டாக வீட்டில் இருந்தால் ஒன்றைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் வேண்டாம், அரக்கு அதில் கரையும். பகிரும்போது லேபிளையும், அதைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்துப் போடுங்கள். உங்களிடம் இருப்பதைவிட நல்ல அச்சு இன்னொருவர் வீட்டுப் பரணில் இருக்கலாம்.