90 நாள் கெடு வேண்டாம்

90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினாலே அலுவலகக் கணினிகள் பத்திரமாக இருக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஐடி அட்மினாக வேலை பார்க்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுவார்கள்; 7 இருந்த இடத்தில் 8 வரும். பழையதைத் திருடியவனுக்குப் புதியதை ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே இந்தக் கெடு வேண்டாம், கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டது. நீளமான பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனிலும் ஒருமுறை உறுதி கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, இவைதான் தேவை.

அந்த இரண்டாம் அடுக்கையும் திருடர்கள் ஏமாற்றுகிறார்கள். நடுராத்திரியில் "உள்நுழைவது நீங்கள்தானா?" என்று போன் விடாமல் கேட்கும். தூக்கக் கலக்கத்தில், தொல்லை ஒழியட்டும் என்று 'ஆம்' தட்டிவிட்டால் கதை முடிந்தது. பாஸ்வேர்டு ஏற்கெனவே திருடன் கையில் இருப்பதால்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வியே வருகிறது! மறுத்துவிட்டு உடனே எங்களைக் கூப்பிடுங்கள், நேரம் காலம் பார்க்காதீர்கள். கணினித் திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் வசதி இருந்தால், அட்மின்கள் அதைக் கட்டாயம் போட்டுவைக்க வேண்டும்.

அப்டேட் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு, அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கெல்லாம் மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. அப்டேட் கேட்கும்போது தினமும் 'பிறகு நினைவூட்டு' அழுத்துகிறவர்கள், சாயங்காலம் கிளம்பும்போது ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் போகலாமே.