படம் எடுத்தவன் யார் என்று கேட்டேன், அவ்வளவுதான்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் புகைப்படக் கண்காட்சியில் நான் "சண்டை போட்ட" கதை இதற்குள் உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் படத்தை எடுத்தவன் யார்?

1942, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஒரு உக்ரைன் கிராமம். கிணற்றடியில் ஒரு பெண், காலடியில் வாத்துகள், பின்னால் வைக்கோல் போர். கீழே "போரிலும் பூத்த புன்னகை" என்று ஒட்டியிருந்தார்கள். எடுத்தவன் ஜெர்மன் ராணுவத்தின் பிரச்சாரப் பிரிவுக்காரன். அதை மட்டும் எங்கேயும் போடவில்லை. வைக்கோல் அங்கே நிற்கிறது, தானியம் எங்கே போனது? சோவியத் ஆட்சியின் கூட்டுப் பண்ணைகளை ஜெர்மன்காரர்கள் கலைக்காமல் வைத்துக்கொண்டதே மொத்தமாக அள்ள வசதி என்றுதான். உக்ரைனிலிருந்து மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் ஜெர்மனிக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவள் புன்னகை பூத்தாளாம்!

"படம் அழகா இருக்கா இல்லியா, அதச் சொல்லும்" என்றார் ஒரு அண்ணன். அழகுதான் அண்ணே. அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். அதனால் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸிலும், படத்தில் எப்போதும் வெயில்தான். ஆந்த்ரே சூக்கா என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஜெர்மன் பத்திரிகைக்காக எடுத்த அந்தப் படங்களை 2008-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது ஊரே கொதித்தது. பிறகுதான் விளக்கத் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். பாரிஸ்காரன் கேட்டால் வரலாற்று உணர்வு, குழித்துறைக்காரன் கேட்டால் வம்பு.

எதிரி ஆண்டாலும் ஜனங்கள் சிரிக்காமலா இருந்தார்கள் என்று இன்னொருவர். இருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு சிரிப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 2017 நவம்பர் 30, ஓக்கி புயல். தூத்தூர் பக்கத்தில் கட்டிக்கொடுத்த என் சித்தியின் வீட்டுக்காரர் கடலில். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ நிவாரணப் பொருள் கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. அரிசிப் பையின் ஒரு முனையை அவர்கள் பிடிக்க, மறுமுனையைச் சித்தி பிடித்தாள். கேமராக்காரன், "எக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான். பழக்கதோஷம், சிரித்துவிட்டாள். பை கைக்கு வந்த பிறகும் "இன்னொண்ணு" என்று திரும்பவும் ஒரு தடவை வாங்குவதுபோல் நிற்க வைத்தார்கள். சித்தப்பா இன்றுவரை கரை வரவில்லை. மறுநாள் செய்தியில் அந்தச் சிரிப்பு வந்தது. முந்தின வாரம் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியதும் அதே சித்திதான்.

புயலும் ஆக்கிரமிப்பும் ஒன்றா என்று கேட்க வராதீர்கள். ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. கேமராவின் இந்தப் பக்கம் நின்றவனைப் பற்றித்தான் கேட்கிறேன், அன்றைக்கும் இன்றைக்கும். அதற்குப் போய் நான் "எதையும் ரசிக்கத் தெரியாத ஜென்மம்" ஆகிவிட்டேன். என் கல்யாணத்துக்கு வந்து இரண்டாம் பந்தியிலும் பாயசம் குடித்த ஆள் எழுதுகிறார் இதை.

அடுத்ததாக ஓக்கிப் படங்கள் வைக்கப்போகிறார்களாம். சித்தி படம் இருந்தால் கொடுங்கள் என்று நேற்று இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். அரிசிப் பையோடு. இருக்கிறது, என் போனில்தான் இருக்கிறது. தரமாட்டேன்.