குழாயைக் கழற்றினாயா?

(கானாடுகாத்தானில் ஒரு பழைய வளவு வீடு. இரண்டாம் கட்டின் முற்றத்தில் கழுவித் துடைத்த மூன்று மங்கு ஜாடிகள், விரித்த துணியின் மேல் கவிழ்ந்தபடி பங்குனி வெயிலில் காய்கின்றன. மாவடு போடும் பருவம் என்பதால் அப்பத்தா தூணோரமாக அமர்ந்து காவல் காக்கிறார். காக்கைக்குப் பயந்து அல்ல, வீட்டு மனிதர்களுக்குப் பயந்து. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் கைபேசியும் கையுமாக வந்து அருகில் உட்காருகிறான். பர்மாவில் போட்ட பணம் திரும்பாதவரின் முகம் அவனுக்கு.)

பேரன்: அப்பத்தா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது. நான் அங்கே என் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன்.

அப்பத்தா: மெதுவாகப் பேசு, பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில்தான் இருக்கிறார்கள். இந்த நிமிடத்திலிருந்து அதற்குப் பார்லிக் கஷாயம் என்று பெயர். போலீஸ்காரர்கள் உன்னைப் பிடிக்க மாட்டார்களா?

பேரன்: அங்கே பிடிக்க மாட்டார்கள். 1978 ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வருடத்துக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் வரை, வரி கட்டாமலே காய்ச்சிக்கொள்ளலாம்.

அப்பத்தா: 757 லிட்டரா? உன் அப்பச்சியின் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் குடித்தும் அவ்வளவு மோர் செலவாகவில்லை. இங்கே அந்த நினைப்பே உனக்கு வேண்டாம். நம் ஊர் மதுவிலக்குச் சட்டம் 1937 ஆம் ஆண்டில் வந்தது. அது என்னைவிட எட்டு வயது மூத்தது. மூத்தவர்களுக்கு நான் மரியாதை கொடுப்பவள். சரி, கஷாயத்துக்கு என்ன வந்தது?

பேரன்: இரண்டு முறை காய்ச்சினேன், இரண்டு முறையும் கெட்டுவிட்டது. முதல் முறை, கிருமி போகட்டும் என்று வாளி, பாட்டில், கரண்டி எல்லாவற்றையும் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்தேன்.

அப்பத்தா: ஊருணிக்குப் போடும் மருந்தையா வாளிக்குப் போட்டாய்?

பேரன்: அதன் உறவுதான். கிருமியை அது கொன்றுவிட்டது. ஆனால் நான் சரியாக அலசாததால் மிச்சமிருந்த குளோரின், பீரில் இயல்பாகவே இருக்கும் ஃபீனால் என்னும் பொருளோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறிவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். வாயில் வைத்தால் காயத்துக்குக் கட்டிய பிளாஸ்திரியைச் சப்பியது போல இருந்தது.

அப்பத்தா: கிருமி செத்த வீட்டில் சாப்பாடு நன்றாகவா இருக்கும்? இரண்டாவது முறை?

பேரன்: பிளீச்சை விட்டுவிட்டேன். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஒரு மருந்து இருக்கிறது. 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஊற்றினால் போதும். கழுவிய பாத்திரத்தின் எல்லாப் பக்கத்திலும் அது ஓரிரு நிமிடங்கள் பட்டு ஈரமாக இருந்தால் கிருமிகள் ஒழிந்துவிடும். நிறைய நுரைக்கும். ஆனால் அந்த நுரையை அலச வேண்டியதில்லை, அதன் மேலேயே பீரை ஊற்றலாம்.

அப்பத்தா: என்ன சொன்னாய்?

பேரன்: அலச வேண்டியதில்லை என்றேன்.

அப்பத்தா: வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நுரையோடு ஊற்றினாயா? உன் ஐயா இருந்திருந்தால் இதைக் கேட்டு மறுபடியும் ரங்கூனுக்கே போயிருப்பார்.

பேரன்: சோப்பு நுரை அல்ல, அப்பத்தா. சோப்பு மிச்சமிருந்தால் பீரின் மேல் நிற்க வேண்டிய நுரையே நிற்காமல் படுத்துவிடும். இது சொன்ன அளவில் கலந்தால் உடம்புக்கும் சுவைக்கும் கேடு செய்யாது. நாம் குழாய்த் தண்ணீரில் அலசினால்தான் அந்தத் தண்ணீரிலிருக்கும் கிருமியை நாமே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததாகிவிடும்.

அப்பத்தா: ஜாடியைக் கழுவினால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பது எங்கள் முறை. ஈரத்தோடு ஊற்றுவது உங்கள் முறை. இரண்டில் ஒன்று பைத்தியக்காரத்தனமாக இருக்க வேண்டும்; எது என்று நான் சொல்ல மாட்டேன், நீ ஊருக்கு வந்திருக்கும் பிள்ளை.

பேரன்: இரண்டும் சரிதான், அப்பத்தா. ஊறுகாயை உப்பும் எண்ணெயும் உள்ளிருந்து காக்கின்றன, அதற்கு வெளியீரம்தான் எதிரி. நான் காய்ச்சுவதோ மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், சர்க்கரைத் தண்ணீர். ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அதற்கு எந்தப் பயமும் இல்லை. ஆறவைத்து ஈஸ்ட்டைப் போட்டு, அந்த ஈஸ்ட் விழித்து வேலையைத் தொடங்கும்வரை அது பூட்டில்லாத வீடு. அந்த நேரத்தில் அதைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமி நீங்கியதாக இருக்க வேண்டும். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1876 ஆம் ஆண்டிலேயே பீர் கெடுவதற்கு இப்படிப் புகும் நுண்ணுயிரிகள்தான் காரணம் என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஜெர்மனியோடு நடந்த போரில் பிரான்சு தோற்ற ஆத்திரத்தில், பீரிலாவது அவர்களை வெல்ல வேண்டும் என்று ஆராய்ச்சியில் இறங்கினாராம்.

அப்பத்தா: கோபம் வந்தால் எல்லோரும் பாத்திரத்தை உடைப்பார்கள், அவர் கழுவச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். சரி, உன் கஷாயம் எப்படிக் கெட்டது? படம் இருந்தால் காட்டு.

(பேரன் கைபேசியை நீட்டுகிறான். பீரின் மேல் வெள்ளையாக, சுருக்கம் விழுந்த ஓர் ஆடை படர்ந்திருக்கிறது. அப்பத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்.)

அப்பத்தா: பூசணம் பூத்திருக்கிறது.

பேரன்: பூசணம் இல்லை, காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் காற்றுப் படும் இடத்தில் சேர்ந்து கட்டிய படலம். வாயில் வைத்தால் ஒரே புளிப்பு, கூடவே வெண்ணெய் வாசனை. அதையும் துணிந்து பாட்டிலில் அடைத்தேன். ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த மாவுச் சர்க்கரையையெல்லாம் இந்தக் கிருமிகள் தின்று மேலும் வாயுவை உண்டாக்கியதால், நள்ளிரவில் இரண்டு பாட்டில்கள் வெடித்தன.

அப்பத்தா: குடித்திருந்தால் உயிருக்கு ஆபத்தா?

பேரன்: அது இல்லை. ஆல்கஹாலும் அமிலத் தன்மையும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்திருப்பதால், நோய் தரும் கிருமிகள் பீரில் சாதாரணமாகத் தழைப்பதில்லை. சுவைதான் கெடும், பாட்டில்தான் வெடிக்கும், மானம்தான் போகும்.

அப்பத்தா: அப்படியானால் விசாரிப்போம். வாளியைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தாயா?

பேரன்: இல்லை, மெத்தென்ற துணிதான். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி பதுங்கும், மருந்து அங்கே எட்டாது.

அப்பத்தா: பார்லியை எங்கே உடைத்தாய்?

பேரன்: அதே சமையலறையில்... ஆனால் முந்தின நாள்.

அப்பத்தா: தூசி பறந்திருக்குமே. ரைஸ் மில் பக்கம் போய் வந்தவன் தலையை உதறினால் ஒரு படி மாவு விழும்.

பேரன்: உண்மைதான். தானியத்தின் மேல் புளிக்க வைக்கும் பாக்டீரியா இயல்பாகவே ஒட்டியிருக்கும். இட்லி மாவு அரிசியிலும் உளுந்திலும் இருக்கும் அவற்றால்தான் புளிக்கிறது. அங்கே அவை தெய்வம்; என் வாளிக்குள் வந்தால் திருடன். அதனால்தான் அறையைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்துக் காய்ச்சினேன்.

அப்பத்தா: மூடியைத் திறந்து திறந்து பார்த்தாயா? ருசி பார்த்த கரண்டியை மறுபடி விட்டாயா? போன வருடம் உன் அம்மா ஈரக் கரண்டியை விட்டு ஒரு ஜாடி நார்த்தங்காயைப் பாழாக்கினாள்.

பேரன்: கரண்டியை விட்டது நீங்கள்தான் என்று அம்மா சொன்னார்களே?

அப்பத்தா: விசாரிப்பது நான். பதிலை மட்டும் சொல்.

பேரன்: திறக்கவே இல்லை. மூடியில் வாயு வெளியேற மட்டும் வழிவிடும் சின்னத் தண்ணீர்ப் பூட்டு உண்டு. உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் வாளியின் அடியில் குழாய் இருக்கிறது.

(அப்பத்தா நிமிர்ந்து உட்காருகிறார். முற்றத்து மூலையில் நிற்கும் எவர்சில்வர் தண்ணீர் டிரம்மை ஒரு முறை பார்க்கிறார்.)

அப்பத்தா: குழாயைக் கழற்றினாயா?

பேரன்: குழாயைக்... கழற்றலாமா?

அப்பத்தா: மருந்தை எங்கே ஊற்றினாய்?

பேரன்: வாளிக்குள் ஊற்றி, குழாயைத் திறந்து அதன் வழியாகவும் விட்டேன்.

அப்பத்தா: நான் அந்த டிரம்மின் குழாயை வெள்ளிக்கிழமை தோறும் மரையோடு கழற்றுகிறேன். வாஷரைப் பிரித்தால் அதன் பின்னால் வழுவழுவென்று பாசி பிடித்திருக்கும். வாரா வாரம் கழுவும் டிரம்முக்கே அந்த நிலை. நீ முதல் முறை காய்ச்சிய கஷாயம் அந்த மரைக்குள் உட்கார்ந்து, காய்ந்து, பிசின் போல் ஆகியிருக்கும். அழுக்கின் மேல் மருந்தை ஊற்றினால் மருந்து அழுக்கோடு பேசிவிட்டுப் போய்விடும். அடியில் இருப்பவனுக்கு அது வந்ததே தெரியாது. பாத்திரம் தேய்ப்பது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. நீ இரண்டாவது வேலையைப் பட்டம் வாங்கும் அளவுக்குச் செய்துவிட்டு முதல் வேலையை மறந்திருக்கிறாய்.

பேரன்: (வெகு நேரம் கழித்து) குழாயின் மரைக்குள் விரல் போகாது, அப்பத்தா.

அப்பத்தா: பல் துலக்கும் பழைய பிரஷ் போகும். அந்தக் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாளியின் முழுப் படம் இருக்கிறதா?

(பேரன் வேறொரு படத்தைத் தயக்கத்தோடு எடுக்கிறான். அப்பத்தா இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்குகிறார். இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், இப்போது அதற்காக வருந்துகிறான்.)

அப்பத்தா: வாளியைச் சுற்றி என்ன துணி?

பேரன்: வெளிச்சம் படக் கூடாது, அப்பத்தா. ஹாப்ஸின் கசப்பின் மேல் வெயில் பட்டால் பீர் நாற்றமெடுக்கும் என்பது வேதியியல்...

அப்பத்தா: அரக்குச் சிவப்பு. மஞ்சள் கட்டம். அகலக் கரை. உன் பெண்டாட்டிக்குத் தலைத் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த காரைக்குடிக் கண்டாங்கி.

பேரன்: பருத்தி என்பதால் நன்றாகச் சுற்றிக்கொண்டது.

அப்பத்தா: மடிப்பில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அது என்ன?

பேரன்: முதல் முறை பிளீச் கலக்கும்போது சிந்திவிட்டது.

அப்பத்தா: கிருமிக்கு வைத்த மருந்து என் சேலைக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

பேரன்: அவளுக்கு இன்னும் தெரியாது. அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன். பீரை விசாரிப்பது போல் ஆரம்பித்தேன்.

அப்பத்தா: சாயங்காலம் நெசவாளர் வீட்டுக்குப் போவோம். அதற்கு முன்னால், குழாயை எப்படிக் கழற்றுவது என்பதை இப்போதே கற்றுக்கொள். அந்த டிரம்மின் உள்பக்கம் ஒரு நட் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கத்தை இடது பக்கமாகத் திருப்பு.

(பேரன் மிகுந்த பக்தியோடு எழுந்து போகிறான். மூன்றாவது சுற்றில் குழாய் அவன் கையோடு வந்துவிடுகிறது. காலையில்தான் விளிம்புவரை நிரப்பிய டிரம் அது. பீறிட்டு வந்த தண்ணீர் முற்றத்தில் பரவி, விரித்த துணியை நனைத்து, மூன்று ஜாடிகளின் வாயையும் சுற்றி நிற்கிறது. அப்பத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறார்.)

அப்பத்தா: தண்ணீரை இறக்கிவிட்டுக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பேரன்: ஜாடிகளை என்ன செய்வது, அப்பத்தா?

அப்பத்தா: அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சேலையை இரண்டாக வாங்கு.