'லீக்' பக்கத்தைத் தொலைத்தவருக்கு

நேற்றிரவு பதினொரு மணிக்கு, சுங்கை சிப்புட்டில் மழை ஓய்ந்த பிறகு, அக்காள் மகன் மடிக்கணினியை மூடாமலேயே தூக்கிக்கொண்டு வந்து, "விஸ் ரெண்டு மணி நேரமா ஓடுது மாமா, முடிய மாட்டுது" என்று வாசலில் நின்றான். விஸ் என்பது விளையாட்டுக் களத்தின் எந்த இடத்திலிருந்து எது தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் நிரல். திரையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. குவேக் (Quake) என்ற கணினி விளையாட்டுக்குத் தான் கட்டிய மேப் (களம்) முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தான்.

மேப் கட்டுகிறவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஓர் இடுக்கு விட்டுப்போனால் மேப்பைத் தொகுக்கும் கியூபிஎஸ்பி என்ற நிரல் 'லீக்' (கசிவு) என்று கத்தும், விஸ் ஓடாது. இடுக்கைத் தேடத் தெரியாதவன் பெட்டியைப் போடுவான். உடனே அறைகளின் வெளிப்புறமெல்லாம் மேப்பின் உள்பக்கமாகிவிடும். ஆடுகிறவர் கண்ணில் ஒருபோதும் படாத அத்தனை இடத்துக்கும் விஸ் கணக்குப் போட்டாக வேண்டும். 1996-இல் வந்த விளையாட்டுக்கு இன்று மேப் கட்டத் தொடங்கும் பிள்ளையும் இதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் நான் மூன்று இரவு விழித்து எங்கள் விக்கியில் 'லீக்' என்ற பக்கத்தை எழுதினேன். கசிவு போகும் வழியைக் காட்டும் பாயின்ட்ஃபைல் என்ற கோப்பை எடிட்டரில் ஏற்றுவதையும், மேப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளிலிருந்து வெட்டவெளிக்கு ஓடும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதையும் எழுதி, ஒரே ஒரு யூனிட் இடுக்கைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் போட்டிருந்தேன்.

"தேடினேன் மாமா, அப்படி ஒரு பக்கமே இல்ல" என்றான் பையன்.

பக்க வரலாற்றைத் தோண்டினேன். எங்கள் நிர்வாகி பக்கத்தின் பெயரை 'அடைப்பின்மை' என்று மாற்றியிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் எங்கள் விக்கி ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் பெயரை மாற்றினால், பழைய பெயரில் தேடுகிறவரைப் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோகும் வழிமாற்று தானாகவே விழும். அதை விழவிடாமல் தடுக்க, நிர்வாகிக்குரிய உரிமையோடு வேண்டுமென்றே ஒரு குறியை எடுக்க வேண்டும். எடுத்திருக்கிறார்! பிறகு உரைக்குள்ளிருந்த 'லீக்' என்ற சொல் ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்றியிருக்கிறார். பக்கம் கனக்கிறது என்று படங்களையும் தூக்கியிருக்கிறார்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தமிழ்ச்சொல் எனக்குக் கசக்காது. ஆனால் பிழைச்செய்தி 'லீக்' என்று அலறும்போது எந்தப் பிள்ளை 'அடைப்பின்மை' என்று தேடும்? தலைப்பு தனித்தமிழிலேயே இருக்கட்டும், பழைய பெயரிலிருந்து ஒரு வழியை விட்டுவையுங்கள் என்று முன்பே பேச்சுப் பக்கத்தில் கெஞ்சியிருக்கிறேன். அவருக்குப் பகுப்புகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தால் போதும். திக்குத் தெரியாமல் வருகிறவன் எந்தச் சொல்லோடு வருவான் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை.

கடைசியில் பெட்டியை அழித்துவிட்டு, பாயின்ட்ஃபைலை ஏற்றி, பையனையே தேட விட்டேன். விளக்குக்குப் பக்கத்தில், சாய்ந்த கூரை பிரஷுக்கும் (மேப்பைக் கட்டும் திண்மத் துண்டு) சுவருக்கும் நடுவே இருந்தது இடுக்கு. அடைத்ததும் சில நிமிடங்களில் விஸ் முடிந்தது. அவனை அனுப்பிவிட்டு, ஒரு மணி வரை உட்கார்ந்து வழிமாற்றையும் படங்களையும் திரும்பப் போட்டேன்.

காலையில் பசியாறிக்கொண்டே திறந்து பார்க்கிறேன்: பக்கத்தின் தலையில் 'இக்கட்டுரையைத் துப்புரவு செய்ய வேண்டியுள்ளது' என்று ஒரு வார்ப்புருவை ஒட்டியிருக்கிறார். சிரிப்புதான் வந்தது. கத்துவதற்கு உடம்பில் தெம்பில்லை.