கீஸ்லோவ்ஸ்கி பிரான்ஸுக்குப் போய் மாறியவர் இல்லை

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியைப் பற்றி, "போலந்தில் இருந்தவரை கீஸ்லோவ்ஸ்கி வெறும் அரசியல் ஆவணப்படக்காரர், பிரெஞ்சுக் காசு வந்த பிறகுதான் விதி, ஆன்மா பக்கம் திரும்பினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை தப்பு.

'பிளைண்ட் சான்ஸ்' 1981இல் எடுத்த படம். ஒருவன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். பிடித்தால் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன், காவலரோடு மோதிக் கைதானால் அரசு எதிர்ப்பாளன், ரயிலை விட்டால் அரசியலே வேண்டாம் என்றிருக்கும் டாக்டர். இதைவிடத் தற்செயலைப் பற்றி என்ன எடுக்க முடியும்? போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததால் படம் முடங்கி 1987இல்தான் வெளியானது, அதனால்தான் பலருக்கு இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். 1985இல் வந்த 'நோ எண்ட்' படத்தில் செத்துப்போன வக்கீல் ஆவியாக நிற்கிறார். திரைக்கதையில் பியெசியெவிச், இசையில் ப்ரைஸ்னர் என்ற கூட்டணி அங்கேயே தொடங்கிவிட்டது. பத்துப் படத் தொடரான 'டெகலாக்' முழுவதும் போலந்து டிவிக்காக எடுத்தது. பிரெஞ்சுக் காசு சேர்ந்த 'வெரோனிக்' வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு, 1991இல்.

ஆவணப்படத்தை விட்டதற்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தமில்லை. வார்சா ரயில் நிலையத்தில் எடுத்த 'ஸ்டேஷன்' படச்சுருள்களைப் போலீஸ் ஒரு கொலை வழக்குக்காக அள்ளிக்கொண்டு போனது. தன் கேமரா தனக்கே தெரியாமல் உளவாளி ஆகிவிடும் என்று அப்போதுதான் உறைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, பிரான்ஸ் போனதும் ஒளியும் நிறமும் பளபளப்பானது உண்மைதான். எனக்கென்னவோ அந்தப் பழைய சாம்பல் நிறப் படங்கள்தான் பிடிக்கும்.