ஜன்னலை இழுத்தால் பெட்டி ஏன் இழுபட மாட்டேன் என்கிறது?

பைதான் நிரல்மொழியில் ஜன்னல், பட்டன் வரைய உதவும் டிகேஇன்டரில் (Tkinter) ஃபிரேமுக்குள் ஃபிரேம், அதாவது மற்றவற்றை அடக்கும் சட்டகத்துக்குள் சட்டகம், வைத்து ஜன்னல் அடுக்குபவர்களின் பொறுமைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும். எழுத்து அடிக்கும் டெக்ஸ்ட் பெட்டிக்கு, எந்த ஓரங்களில் ஒட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டிக்கியில் நான்கு திசையும் கொடுத்தாயிற்று. ஜன்னலைப் பெரிதாக்கினால்? இடது மேல் மூலையில் அப்படியே ஒண்டிக் கிடக்கிறது. காரணம், பொருட்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் நெடுவரிசைக்கும் வெயிட், அதாவது மிச்ச இடத்தில் அதன் பங்கு, இயல்பாகவே 0. மிச்ச இடம் அதற்குப் போகாது. ஸ்டிக்கி கிரிட்டின் ஓர் அறைக்குள் பொருளை நீட்டுமே தவிர, அறையை வளர்க்காது. சரி, உள் ஃபிரேமில் வெயிட் 1 வைத்தாயிற்று, இன்னும் அசையவில்லை! வெளி ஃபிரேம், அதற்கும் வெளியே மூல ஜன்னல் என்று எல்லா அடுக்கிலும் வைக்க வேண்டுமாம். ஒன்றை விட்டாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

ஃபிரேமுக்கு அகலம் 300 என்று எழுதுவது அடுத்த கூத்து. உள்ளே ஒரு பட்டனை கிரிட் செய்ததும் பட்டன் அளவுக்குச் சுருங்கிவிடும். உள்ளிருப்பதன் அளவுக்கு ஃபிரேமை மாற்றும் கிரிட் ப்ராபகேட்டை ஃபால்ஸ் (வேண்டாம்) ஆக்கினால்தான் 300 நிற்கும்.

பொருட்களை ஒரு பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் இன்னொரு முறையான பேக்கில் வேறு தலைவலி: ஜன்னலைச் சுருக்கினால் கடைசியாகப் பேக் செய்ததுதான் முதலில் காணாமல் போகும். அது பெரும்பாலும் 'சேமி' பட்டன்தான். அதை முதலிலேயே சைடு பாட்டம் (கீழ்ப்பக்கம்) என்று பேக் செய்துவிட்டு, பிறகு டெக்ஸ்டுக்கு எக்ஸ்பாண்டும் (மிச்ச இடத்தை எடு) ஃபில்லும் (அதை நிரப்பு) கொடுங்கள்.